மந்திரக் கள்ளன்

திரையில் மூன்று உருவங்கள் நின்றன. வாள் பிடித்தவன் ஒருவன், புத்தகம் வைத்திருந்தவன் ஒருவன், கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் பதுங்கியவன் ஒருவன். வீரன், மந்திரவாதி, கள்ளன். இந்த மூவரில் என் கணவர் யாராக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுமாம். ஜவுளிக் கடையில் ஒரு சேலை எடுக்கவே அரை நாள் எடுத்துக்கொள்கிறவள் நான்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, வயலாக இருந்த இடத்தில் எழும்பிய மூளை மறுவாழ்வு மருத்துவமனை அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கிராஜன் படுத்திருந்தார். கயத்தாற்றில் காற்றாலைகளின் உச்சிக்கு ஏறிப் பழுது பார்க்கும் மனுஷர். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு மகளைக் கூட்டிவரும்போது லாரி மோதியது. அவருக்குத் தலையில் அடி. அறுவை செய்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புது நரம்பணுக்களை உள்ளே வைத்துத் தைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

எங்கள் மகள் பூரணி அந்தச் சாலையிலேயே போய்விட்டாள். ஆறு வயது.

டாக்டர் ஜெபராணி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டையான, கண்ணாடி போட்ட அம்மாள். ஊசி போடுவது போலத்தான் பேசுவார். சுருக்கென்று இருக்கும், முடிந்துவிடும்.

"புது அணுவுக்கு எங்க போகணும்னு தெரியாது உலகம்மை. மூளை எந்த வேலையத் திரும்பத் திரும்பச் செய்யுதோ, அங்க போய் ஒட்டிக்கிடும். அசையாமக் கெடக்குற மனுஷனை எப்படி வேலை வாங்குறது? அதுக்குத்தான் இந்த விளையாட்டு. உள்ளுக்குள்ள அவரு ஒரு கோட்டைக்குள்ள நடமாடுவாரு. வாள் சுத்தினா கையும் காலும் திரும்பும். மந்திரம் படிச்சா பேச்சு திரும்பும். பூட்டைத் திறந்தா ஞாபகம் திரும்பும்."

மூன்றையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். இலவசமாகக் கொடுத்தால் எதையும் விடுகிற ஆள் நானில்லை.

"மூணும் அரைகுறையா நிக்கும். ஒண்ணும் உபயோகப்படாது. இருக்கிற அணு ரெண்டு வேலைக்குத்தான் காணும். தை பொறந்து கொஞ்ச நாள்ல அதெல்லாம் உறைஞ்சிரும். அப்புறம் மாத்த முடியாது."

வீரனும் மந்திரவாதியும் சேர்ந்தால், எழுந்து நடப்பார், பேசுவார். ஆனால் நான் யார் என்று என்னிடமே கேட்பார். வீரனும் கள்ளனும் என்றால், எல்லாம் தெரியும், நடப்பார், ஊமை. மந்திரவாதியும் கள்ளனும் என்றால், எங்களைத் தெரியும், பேசுவார், படுக்கையை விட்டு எழ மாட்டார். கள்ளன் மட்டும் என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் நினைவிருக்கும், ஒரு விரலும் அசையாது, ஒரு சொல்லும் வராது, அது நமக்கு வேண்டாம் என்றார்.

இந்த மாதிரி விளையாட்டு எனக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதில் இவர் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளையாடுவார். பிறகு பூரணியை மடியில் வைத்துக்கொண்டு விளையாடினார். ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடம் வந்ததும் அவள் கறுப்புத் துணிக்காரன்மேல் விரலை வைத்து, "இவனையே எடுங்கப்பா" என்பாள். தனிக் கள்ளன் முதல் சண்டையிலேயே செத்துப்போவான், அதனால் அவனோடு இன்னொரு தொழிலையும் சேர்த்துக் கலப்பு ஆளாக எடுக்க வேண்டும் என்று இவர் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். கள்ளனுக்கு இரண்டு வித்தை, பூட்டைத் திறப்பது ஒன்று, ஒளிவது இன்னொன்று. கள்ளன் இல்லாத கூட்டம் எவ்வளவு பலமாக இருந்தாலும் முதல் கதவிலேயே முட்டிக்கொண்டு நிற்கும் என்பார். நான் கீரை ஆய்ந்தபடி ஆமாம் போடுவேன்.

முடிவை நான் ஒருத்தி எடுக்க விடுவார்களா? அடுத்த நாள் குடும்பமே வந்து இறங்கியது. மாமாக்கள், சித்தப்பாக்கள், யாரோ ஒரு சம்பந்தி. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். கள்ளன் என்றதும் முகம் சுளித்தார்கள். பெரிய மாமா, மருந்துக்குக்கூட நம் குடும்பத்தில் கள்ளன் கிடையாது என்றார். அவர் கோயில் உண்டியலில் கை வைத்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு என் மாமியார் கோமதியம்மாள் என்னிடம் வந்தார். மகன் கால் ஊன்றி நிற்க வேண்டும், மரம் ஏறுகிற மாதிரி காற்றாலை ஏறியவன் படுத்துக் கிடப்பதைப் பார்க்க முடியாது, வீரனும் மந்திரவாதியும் போதும் என்றார். நம்மைத்தான் மறந்துவிடுவாரே என்றேன். புதிதாகப் பழகிக்கொள்வான், மருமகளாக வந்தவளை நான் பழகிக்கொள்ளவில்லையா என்றார். அது என்னைக் குத்தத்தான். பிறகு அவரே உண்மையைச் சொன்னார்.

"அவனுக்கு அந்தப் புள்ள ஞாபகம் வரக் கூடாது உலகம்மை. அந்தக் கதவு பூட்டியே கெடக்கட்டும். அவன் ஓட்டின வண்டி. தெரிஞ்சா உசிரோட இருக்க மாட்டான்."

"அப்ப பூரணிய நான் ஒருத்தி மட்டுந்தான் சொமக்கணுமா அத்தை? அவளுக்கு ஒரு அப்பா இருந்தாவன்னு அவியளுக்கே தெரியாம?"

அத்தை அழவில்லை. பூரணியைப் புதைத்துவிட்டு வந்த அன்றே வீட்டில் யாரும் குரல் எடுத்து அழக் கூடாது என்று கட்டளை போட்டவர் அவர். ஒருத்தன் உயிருக்கு மல்லாடும்போது வீட்டில் ஒப்பாரி கேட்டால் அவனுக்கு ஆகாது என்றார். சொன்னதை அவரும் காப்பாற்றினார். நான் வேலை பார்க்கிற இடத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

கடைசியில் பேரம் படிந்தது. டாக்டரும் என் பக்கம் பேசினார். காலுக்குப் பதில் சக்கர நாற்காலி இருக்கிறது, ஞாபகத்துக்குப் பதில் எதுவும் இல்லை என்றார். மந்திரவாதியும் கள்ளனும் கலந்த மந்திரக் கள்ளனுக்கு அத்தை சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அவன் வாய் திறந்து பேசித் தேறும்வரை பூரணி செத்ததை யாரும் அவன் காதில் போடக் கூடாது. மருத்துவமனை வாசலில் இருக்கும் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். நான் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன்.

திரையில் நான் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் துணிக்காரன் இடுப்பில் புத்தகம் ஒன்று வந்து தொங்கியது. கோட்டைக்குள் விளக்கெரிந்தது.

நாம் பக்கத்தில் பேசுவது அவருக்குக் கோட்டைச் சுவர் வழியாகக் கேட்கும் என்றார் டாக்டர். அதனால் நிறையப் பேசச் சொன்னார். அத்தை கூடத்தில் காவல் நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். பூரணி நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். பெரிய மாமா, பள்ளிக்கூடத்தில் குற்றாலம் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்றார். சித்தப்பா, வெளியே மரத்தடியில் விளையாடுகிறாள் என்றார். நான், சங்கரன்கோவிலில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்றேன். ஒரே நாளில் பூரணி மூன்று ஊரில் இருந்தாள். நம் ஜனங்களுக்கு நோயாளியிடம் சாவை மறைப்பது தெரியும். சேர்ந்து மறைப்பது தெரியாது.

இருப்பதிலேயே நல்ல பொய் என்னுடையதுதான். பொய் சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறேன். தண்ணீர் லாரி நிறுவனத்தில் புகார் கேட்கிற வேலை எனக்கு. யார் கூப்பிட்டாலும், "வண்டி கிளம்பிட்டு சார், இந்தா வந்துரும்" என்று சொல்ல வேண்டும். வண்டி ஷெட்டில் நிற்கும். என் குரலை நம்பி ஊரே குடத்தோடு நிற்கிறது என்று இவர் கேலி செய்வார். விபத்தன்று போலீஸ்காரர் கூப்பிட்டபோதுகூட, முழுதாகக் கேட்காமல் வண்டி கிளம்பிட்டு என்றுதான் சொன்னேன்.

அந்தக் குரலில்தான் தினமும் அவர் காதோரம் பேசினேன். பூரணி உங்களுக்கு மயில் படம் வரைந்து வைத்திருக்கிறாள், முன்பல் ஆடுகிறது, நீங்கள் வந்துதான் பிடுங்க வேண்டுமாம். சொல்லும்போது எனக்கே அவள் எங்கோ இருப்பது போலத் தோன்றும். வெளியே வந்ததும் இருக்க மாட்டாள். அவளைக் கொன்று கொன்று பிழைக்க வைப்பது போல இருந்தது. எந்தத் தாய்க்கும் அந்த வேலை வேண்டாம்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. திரையில் கறுப்புத் துணிக்காரன் ஓயாமல் கதவு திறந்தான். எந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. திறந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும். திறந்து, உள்ளே எட்டிப்பார்த்து, அடுத்ததற்குப் போனான். இடுப்பிலிருந்த புத்தகத்தைச் சில நேரம் எடுப்பான். ஒரு பக்கம் புரட்டுவான். பிறகு மூடிவிடுவான். எங்கள் குரல் கேட்கும்போதெல்லாம் சுவரோரம் இருட்டில் போய் ஒளிந்தான். நான் பூரணியைப் பற்றிப் பேசினால் நெடுநேரம் வெளியே வர மாட்டான்.

மார்கழி பிறந்ததும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எல்லா அணுவும் கள்ளன் பக்கமே போகுது. விளையாட்டுல கலப்பு ஆளுக்குப் புள்ளியச் சரிபாதியாப் பிரிச்சுக் குடுப்பாங்க. மூளையில பங்கு பிரிக்க ஆள் இல்ல. உழைக்கிற பக்கம் போயிரும். இப்படியே விட்டா உங்க வீட்டுக்காரர் தனிக் கள்ளனாத்தான் முடிவாரு."

எல்லாம் நினைவிருக்கும், ஒரு சொல்லும் வராது. ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டேன்.

"மகளைத் தேடுறாருன்னு நெனைக்கேன். இருக்கா, இருக்கான்னு நீங்க எல்லாரும் சொல்லுதீங்க. ஒவ்வொரு கதவாத் திறந்து பாக்குறாரு. குடும்ப விஷயம்னு நானும் வாய மூடிட்டு இருந்தது தப்பு. உண்மையச் சொல்லிருங்க. சொன்னாத்தான் தேடுறத நிறுத்துவாரு."

அத்தையிடம் போய்ச் சொன்னேன். கெஞ்சினேன். அவர் அசையவில்லை. பேசாவிட்டாலும் உயிரோடு இருப்பான், சொன்னால் உள்ளேயே செத்துவிடுவான் என்றார். கற்பூரத்தை நினைவுபடுத்தினார். அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் கொன்றுவிடலாம். சொல்லாவிட்டால் உயிரோடு புதைத்துவிடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அந்தக் கை என்னுடையது.

மறுநாள் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் லாரி ஆபீஸ் குரலைத் தொண்டையிலிருந்து துப்பினேன்.

"என்னங்க, நான் இத்தனை நாளாச் சொன்னது நெசமில்ல. பூரணி சித்தி வீட்டுல இல்ல. பூரணி இல்லங்க. அன்னைக்கு ரோட்டுலயே போயிட்டா."

திரையில் கறுப்புத் துணிக்காரன் இருட்டுக்குள் இருந்தான். திரும்பிப் பார்த்தால் வாசலில் அத்தை, கையில் கஞ்சிக் குவளையோடு நின்றார். கற்பூரம் அணைத்த கை விளங்குமா என்று கேட்டார். சாமி என்னைக் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று முழுவதும் கள்ளன் வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோட்டையில் ஒரு கதவும் திறக்கவில்லை. அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினார். டாக்டர்கூட என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். நான் என் கணவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று, "வந்திருங்க, வந்திருங்க" என்று முணுமுணுத்தபடி இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் இருட்டை விட்டு வெளியே வந்தான். கோட்டை நடுவில், வெளிச்சத்தில் உட்கார்ந்தான். புத்தகத்தை எடுத்து விரித்தான். அன்றைக்கு அதை அவன் மூடவில்லை.

அதன் பிறகு பூட்டுகள் பக்கமே போகாமல் படித்தான். ஆனால் காலம் கடந்திருந்தது. மிச்சமிருந்த அணுக்கள் கொஞ்சம்தான். முழுப் பேச்சு வராது, சில வார்த்தைகள் வரலாம், அதற்கும் உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். தைப் பொங்கலை நாங்கள் கொண்டாடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்தோம். பொங்கியதா தீய்ந்ததா என்று பார்க்க ஆளில்லை.

தை முடியப்போகிற ஒரு காலை. அத்தை ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். அவர் கண் மெதுவாக நகர்ந்து என்மேல் வந்து நின்றது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. தொண்டையில் ஏதோ உரசியது. நான் குனிந்து காதை வைத்தேன். ஒவ்வொரு சொல்லாக, இடையில் மூச்சு வாங்கி வாங்கி வந்தது.

"ஒனக்கு... எப்ப... சொன்னாவ?"

எனக்குப் புரியவில்லை. என்னது என்று கேட்டேன். அவர் இன்னும் கஷ்டப்பட்டு, "பூரணி" என்றார்.

அப்போதுதான் புரிந்தது.

அவர் யாரையும் தேடவில்லை. அவருக்கு முதலிலிருந்தே தெரியும். நினைவு தப்பும்வரை சாலையில் அவளைக் கையில் வைத்திருந்தவர் அவர்தானே. கோட்டையில் முதன்முதலாகத் திறந்த கதவே அதுவாகத்தான் இருந்திருக்கும். அதைத் திறந்து எல்லாம் தெரிந்துகொண்டு நின்றவருக்குச் சுவர் வழியாக என் குரல் கேட்டிருக்கிறது. பூரணி மயில் வரைந்திருக்கிறாள், பல் ஆடுகிறது என்று. ஊரே நம்புகிற குரல். குடும்பம் என்னிடம் மறைத்துவிட்டது, மகள் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன், பாவம் இவளுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்திருக்கிறார். அவர் வாய் திறந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? அதற்குப் பயந்து புத்தகத்தை மூடி மூடி வைத்திருக்கிறார். கையை வேறு வேலையில் வைத்துக்கொள்ளக் கண்ணில் பட்ட பூட்டையெல்லாம் திறந்திருக்கிறார். என் குரல் கேட்கும்போதெல்லாம் இருட்டில் ஒளிந்திருக்கிறார். பூரணி இல்லை என்று நான் சொன்ன பிறகுதான், யாரோ எனக்குச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துப் புத்தகத்தை விரித்திருக்கிறார். என்னிடம் அதைச் சொல்ல வேண்டி வருமே என்று தன் பேச்சையே கொடுத்துவிட்டார்.

நாங்கள் அவரிடம் மறைத்தோம். அவர் என்னிடம் மறைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் செத்துப்போன பிள்ளை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரியுங்க" என்றேன். "எனக்கு அன்னைக்கே தெரியும். நாந்தான் குளிப்பாட்டி, பாவாடை சட்டை போட்டு அனுப்பிவச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். அவருக்கும் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இனி எத்தனை சொல் மிச்சமிருக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. அவர் வாய் கோணி, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை வராது. நான் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டேன்.

அத்தை கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் தலையை முட்டிக்கொண்டு, இத்தனை மாதமும் வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததைக் குரலெடுத்துச் சொன்னார்.

"மயில் மாதிரி ஆடிட்டு இருந்தாளே எம் பேத்தி, மண்ணுக்குக் குடுத்துட்டேனே."

நர்ஸ் ஓடி வந்து கதவைத் திறந்தாள். பின்னால் வந்த டாக்டர் ஜெபராணி அவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் போனார். பூரணி ஆடியில் போனவள். எங்கள் வீட்டில் அவளுக்கு அழுதது அன்றைக்குத்தான்.